புதிய தொழில்துறைக்குத் திறந்த அணுக்க ஆய்விதழ் தொடங்குதல்: முழுமையான வழிகாட்டி

ஆய்விதழ் தொடங்க முன்வருபவர்கள் பெரும்பாலும் இணையத்தளத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பெயர் வைத்து, சின்னம் வரைந்து, ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்களைச் சேர்த்து, கட்டுரை அழைப்பையும் அனுப்பிவிடுகிறார்கள். வந்த கட்டுரையை யார் மதிப்பிடுவது, யார் செம்மைப்படுத்துவது, அடுத்த இதழுக்குக் கட்டுரை எங்கிருந்து வரும் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. நான் உடனிருந்து பார்த்த இதழ்களில் நின்றுபோனவை முதல் இதழில் நிற்கவில்லை; மூன்றாவது இதழில் நின்றன. முதல் இதழை நட்பும் உற்சாகமும் கொண்டுவந்து சேர்த்துவிடும். மூன்றாவது இதழுக்கு ஏற்பாடு வேண்டும்.

தொழில்துறை இளையதாக இருக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அறிவு பல்கலைக்கழகங்களில் இருப்பதைவிடப் பணியிடங்களில் அதிகமாக இருக்கிறது. அறிந்தவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. எழுதிப் பழகிய சிலரே கட்டுரையாளர்களாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் ஆசிரியர் குழுவினராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த நிலையைக் கருதியே அமைக்கப்பட்டிருக்கிறது. முடிவெடுத்த நாளிலிருந்து முதல் கட்டுரை வெளிவர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ‘ஆசிரியர்’ என்பது இதழாசிரியரை மட்டுமே குறிக்கும். எழுதுபவரைக் கட்டுரையாளர் என்றே குறிப்பிடுகிறேன். திறந்த அணுக்கம் என்பது, எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் உரிமத்துக்கு உட்பட்டு மறுபயன்பாடு செய்யவும் இடம் தருவது.

1. கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள்

ஒரு தாளில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் இதழுக்கு வரக்கூடிய இருபது கட்டுரைகளை எழுதுங்கள். தலைப்புகள் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எழுதக்கூடியவரின் பெயர் இருக்க வேண்டும். பிறகு அவர்களில் பத்துப் பேரிடமாவது நேரில் அல்லது தொலைபேசியில் பேசி, எழுதுவீர்களா, எப்போது முடியும் என்று கேளுங்கள்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் எளிது. திறந்த அணுக்க இதழ்களின் முதன்மையான அடைவாகிய டிஓஏஜே, ஓர் இதழ் ஆண்டுக்குக் குறைந்தது 5 ஆய்வுக்கட்டுரைகளாவது வெளியிட வேண்டும் என்று கேட்கிறது. ஐந்தை வெளியிட வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் வந்தாக வேண்டும், ஏனெனில் சில ஏற்கத் தகாதவையாக இருக்கும், சில திருத்தத்துக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிடும்.

பட்டியல் ஏழெட்டுப் பெயர்களோடு நின்றுவிட்டால், இதழ் தொடங்க வேண்டாம். அண்டைத் துறையின் நிலைபெற்ற இதழ் ஒன்றில் ஒரு சிறப்பிதழுக்கு விருந்தாசிரியராக இருக்கக் கேளுங்கள். கட்டுரையாளர்களையும் மதிப்பீட்டாளர்களையும் அடையாளம் காண அதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

2. எல்லையையும் கட்டுரை வகைகளையும் வகுத்தல்

இதழின் நோக்கமும் எல்லையும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எவற்றை ஏற்போம் என்பதைப் போலவே எவற்றை ஏற்க மாட்டோம் என்பதையும் அதில் எழுதுங்கள். புதிய ஆசிரியர்கள், கட்டுரை வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லையை விரித்துக்கொண்டே போகிறார்கள். விளைவு நேர்மாறானது: வேறெங்கும் ஏற்கப்படாதவை வந்து குவிகின்றன, துறைக்குள் இருப்பவர்களோ இது தங்களுக்கான இதழ் என்று உணர்வதில்லை.

இளம் துறையில் கட்டுரை வகைகளை வகுப்பதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கட்டுரை என்ற ஒரே வகையை வைத்தால் பணியில் இருப்பவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகத் ‘தளர்ந்த’ தரம் ஒன்றை வைத்தால் இதழின் மதிப்புப் போய்விடும். நடுவழி, பணிக்கள அறிக்கை என்று ஒரு வகையைத் தனி அளவுகோலுடன் நிறுவுவது. அதன் பகுதிகளை நீங்களே வகுத்துக் கொடுங்கள்: எதிர்கொண்ட சிக்கல் என்ன, அது எந்தச் சூழலில் எழுந்தது, என்ன செய்யப்பட்டது, ஏன் அந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது, என்ன நடந்தது, எது பலிக்கவில்லை, வேறோர் இடத்தில் இதைச் செய்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும். பலிக்காததைச் சொல்லும் பகுதியைக் கட்டாயமாக்குங்கள். அது இல்லாத பணிக்கள அறிக்கை விளம்பரமாகச் சரிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த வகைகள் மதிப்பாய்வுக்கு உட்படும், எவை ஆசிரியரின் முடிவோடு வெளியாகும் என்பதை வகைவாரியாக அறிவியுங்கள். தலையங்கம், நூல் மதிப்புரை, கடிதம் ஆகியவை ஆய்வுக்கட்டுரைகளாக எண்ணப்படுவதில்லை. அடைவுகளும் அவற்றைப் பிரித்தே பார்க்கின்றன.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கலைச்சொற் பட்டியலைத் தொடங்குங்கள். இளம் துறையில் ஒரே பொருளுக்கு மூன்று சொற்களும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்களும் இருப்பது வழக்கம். எந்தச் சொல்லையும் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுரையாளர் தாம் கையாளும் பொருளை முதற்பயன்பாட்டில் வரையறுக்க வேண்டும் என்று கேட்டால், மதிப்பீட்டில் எழும் பாதிச் சச்சரவுகள் எழாமலே போகும்.

3. பெயர்

இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐஎஸ்எஸ்என்னின் இணையவாயிலில் தேடி, அதே பெயரோ குழப்பும் அளவுக்கு ஒத்த பெயரோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். போலி இதழ்கள் நிலைபெற்ற இதழ்களின் பெயர்களைச் சற்றே மாற்றிப் பயன்படுத்துவதால், ஒத்த பெயர் கொண்ட நேர்மையான இதழும் ஐயத்துக்கு உள்ளாகிறது. பெயரைப் பிறகு பெரிதாக மாற்றினால் புதிய ஐஎஸ்எஸ்என் பெற வேண்டியிருக்கும். மேற்கோள்களும் இரண்டு பெயர்களுக்கிடையே சிதறும். ஆகவே துறையின் பெயரே இன்னும் நிலைபெறாதிருந்தால், அந்தத் துறை செய்யும் பணியைச் சுட்டும் பெயரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

4. உடைமையை எழுத்தில் வையுங்கள்

இதழ் யாருடையது? தொழில்முறைச் சங்கமா, பல்கலைக்கழகத் துறையா, நூலகமா? ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தக் காரணத்தால் நீக்கலாம்? சங்கத்தின் பொறுப்பாளர்கள் ஒரு கட்டுரையை வெளியிடச் சொல்லவோ தடுக்கவோ முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். ஆனால் முதல் கட்டுரை வருவதற்கு முன்பே அதில் கையெழுத்திட வேண்டும். சங்கத்தின் முக்கியமானவர் ஒருவரின் வழிமுறையைக் குறை கூறும் கட்டுரை ஒருநாள் வரும், அன்று ஆசிரியரின் தன்னுரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.

ஆள்களப் பெயர், சேவையகக் கணக்கு, மின்னஞ்சல் கணக்கு, கட்டுரைகளுக்கான நிலையான எண்ம அடையாளங்களை (டிஓஐ) பதிவு செய்யும் கணக்கு ஆகிய நான்கும் உடைமையாளரான அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். இருவரிடமாவது கடவுச்சொல் இருக்க வேண்டும். நான் பணியாற்றிய ஓர் இதழில் ஆள்களப் பெயரை ஒரு தன்னார்வலர் தம் சொந்தக் கணக்கில் பதிவு செய்திருந்தார். அவர் வேறு பணிக்குச் சென்றார், புதுப்பிக்கும் நினைவூட்டல்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயின, ஒரு காலையில் இதழ் மறைந்தது. பெயரை மீட்க எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் எங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருந்தவர்களின் இணைப்புகள் எல்லாம் வெற்றுப் பக்கத்துக்கே இட்டுச் சென்றன.

5. ஆசிரியர் குழு

டிஓஏஜே குறைந்தது ஐந்து பேரைக் கொண்ட ஆசிரியர் குழுவை எதிர்பார்க்கிறது. அவர்கள் அனைவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. பெயரும் நிறுவனமும் தளத்தில் இருக்க வேண்டும். இது குறைந்த அளவு மட்டுமே. வேலை நடக்க வேண்டுமானால் முதன்மையாசிரியர், பிரிவாசிரியர்கள் மூவர், நடைமுறைகளைக் கவனிக்கும் நிர்வாக ஆசிரியர் ஒருவர் ஆகியோர் உண்மையாகவே நேரம் ஒதுக்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் பெருமையைப் பேசாமல் வேலையைப் பேசுங்கள்: ஆண்டுக்கு நான்கு கட்டுரைகளை மதிப்பிட வேண்டும், ஒரு கட்டுரையாளரையாவது அழைத்துவர வேண்டும், இரண்டு கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும், பதவிக்காலம் மூன்று ஆண்டு. இதைப் படித்து மறுப்பவர்கள் உங்களுக்கு நன்மையே செய்கிறார்கள். இசைவைக் கட்டாயம் எழுத்தில் பெறுங்கள். ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரைப் போடுவது போலி இதழ்களின் அடையாளங்களுள் ஒன்று.

இளம் துறையில் குழுவினரே சிறந்த கட்டுரையாளர்களாகவும் இருப்பார்கள். இங்கே ஓர் எல்லையை நினைவில் வையுங்கள்: ஆசிரியர், குழுவினர், மதிப்பீட்டாளர் ஆகியோருள் ஒருவராவது கட்டுரையாளராக இருக்கும் ஆய்வுக்கட்டுரைகள், அண்மைய இரண்டு இதழ்களில் எதிலும் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது டிஓஏஜேயின் விதி. எட்டுக் கட்டுரை கொண்ட இதழில் இரண்டுக்கு மேல் கூடாது. முதல் இதழை நண்பர்களை வைத்து நிரப்பிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். குழுவை மிகப் பெரிதாக வைப்பதும் இதனாலேயே தீங்கு: துறையில் எழுதக்கூடிய முப்பது பேரையும் குழுவில் சேர்த்துவிட்டால், எழுதுவதற்கு வெளியே யார் இருக்கிறார்கள்?

6. பணமும் மணிக்கணக்கும்

பணச் செலவுகள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு: ஆள்களப் பெயர், சேவையகம், எண்ம அடையாளப் பதிவு அமைப்பின் ஆண்டுக் கட்டணம், ஒப்புமை காணும் மென்பொருள், முடிந்தால் செம்மையாக்கத்துக்கும் பக்க வடிவமைப்புக்கும் ஊதியம். மணிக்கணக்குதான் எதிர்பார்ப்பதைவிட அதிகம். வந்த நாளிலிருந்து வெளியாகும் நாள் வரை ஒரு கட்டுரைக்கு ஆசிரியர் தரப்பில் மட்டும் இருபது முதல் முப்பது மணிநேரம் போகிறது என்பது என் சொந்தக் கணக்கு. ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் என்று பெருக்கி, அந்த மணிநேரங்களை யார் தருவார்கள் என்று பெயர் போட்டுப் பிரித்து எழுதுங்கள்.

கட்டுரையாளரிடம் கட்டணம் பெறலாமா என்ற கேள்வி இங்கே வரும். பணியில் இருப்பவர்களிடம் ஆய்வு நிதி இருப்பதில்லை, ஆகவே இளம் தொழில்துறையில் கட்டணம் வைப்பது, யாருக்காக இதழைத் தொடங்குகிறீர்களோ அவர்களையே வெளியே நிறுத்துவதாகும். சங்கத்தின் உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பங்கு, நூலகம் தரும் சேவையகம், பல்கலைக்கழகம் தரும் பணிநேரம் ஆகியவற்றைக் கொண்டு கட்டணமில்லா இதழாக நடத்த முயலுங்கள். வைர வழித் திறந்த அணுக்கம் என்று இன்று அழைக்கப்படும் இம்முறையில் 17,000 முதல் 29,000 வரையிலான இதழ்கள் இயங்குவதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. கட்டணம் இல்லையென்றால், சமர்ப்பிக்கவும் வெளியிடவும் கட்டணம் இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விடுவது டிஓஏஜே போன்ற அடைவுகளுக்கான விண்ணப்பங்களில் குறையாகவே கொள்ளப்படும்.

7. கொள்கைகள்

தளத்தை அமைக்கும் முன்பே இவற்றை எழுதி முடியுங்கள். மென்பொருள் கேட்கும் பெட்டிகளை நிரப்புவதற்காகப் பிற இதழ்களிலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்கள், ஒன்றுக்கொன்று முரணான கொள்கைகளோடு வெளிவந்திருக்கிறார்கள். பதிப்பு நெறிமுறைக் குழுவாகிய கோப், டிஓஏஜே, திறந்த அணுக்கப் பதிப்பாளர் சங்கமாகிய ஓஸ்பா, மருத்துவ இதழாசிரியர்களின் உலகச் சங்கமாகிய வேம் ஆகிய நான்கு அமைப்புகள் இணைந்து வெளியிட்டிருக்கும் வெளிப்படைத்தன்மைக் கோட்பாடுகளின் நான்காம் பதிப்பு 2022-இல் வந்தது; அதைச் சரிபார்ப்புப் பட்டியலாக மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உரிமம். இலவசமாகப் படிக்க முடிவது மட்டும் திறந்த அணுக்கம் ஆகாது. மறுபயன்பாட்டு உரிமையும் வேண்டும் என்பதை திறந்த அணுக்கத்தை வரையறுத்த 2002-இன் புடாபெஸ்ட் அறிக்கையே சொல்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் ஆறு உரிமங்களில், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமம் தொழில்துறைக்கு மிகவும் பொருந்தும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைப் பாதுகாப்பென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் துறையினர் பலர் தனியார் நிறுவனங்களில் பணியாற்றும்போது, கட்டணம் பெறும் ஒரு பயிற்சி வகுப்பில் உங்கள் கட்டுரையைப் பகிரலாமா கூடாதா என்ற தயக்கத்தையே அது உண்டாக்கும். மாற்றங்களைத் தடுக்கும் உரிமமோ மொழிபெயர்த்துப் பகிர்வதையும் தடுத்துவிடுகிறது.

பதிப்புரிமை கட்டுரையாளரிடமே இருக்கட்டும். முதலில் வெளியிடும் உரிமையை மட்டும் இதழ் பெற்றால் போதும். மிகப் பரவலான பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: கொள்கைப் பக்கத்தில் திறந்த உரிமம், தளத்தின் அடிக்குறிப்பில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’, பிடிஎஃப் கோப்பில் ஒன்றுமே இல்லை. மூன்று இடங்களிலும் ஒரே வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பாய்வு முறை. மதிப்பீட்டாளரும் கட்டுரையாளரும் ஒருவரையொருவர் அறியாத, இருதரப்பும் அறியா முறையை அறிவிப்பதே கண்ணியம் என்று எண்ண வேண்டாம். ஐம்பது பேர் கொண்ட துறையில் பணிக்கள அறிக்கையின் இரண்டாவது பத்தியிலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடும். காக்க முடியாத மறைவை அறிவிப்பதைவிட, கட்டுரையாளர் யாரென்று மதிப்பீட்டாளர் அறிவார் என்று நேராகச் சொல்லி, நல முரண்பாட்டை அறிவிக்கும் படிவத்தைக் கண்டிப்பாக்குவது நேர்மையானது. எந்த முறையானாலும் ஒவ்வோர் ஆய்வுக்கட்டுரைக்கும் சார்பற்ற மதிப்பீட்டாளர்கள் இருவர் வேண்டும். ஆசிரியரே எழுதிய கட்டுரை வந்தால் அதை யார் கையாள்வார், அவர் கண்ணில் அதன் ஆவணங்கள் படாமல் எப்படி வைப்பது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆய்வு நெறிமுறை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவருக்கு நெறிமுறைக் குழு கிடையாது; அவரிடம் ஒப்புதல் எண்ணைக் கேட்டால் அவர் எழுதுவதையே கைவிடுவார். அதற்கு மாற்றாக, யாருடைய தகவல்கள் பயன்படுத்தப்பட்டன, அவர்களின் இசைவு எவ்வாறு பெறப்பட்டது, பணியமர்த்தியவர் வெளியிட அனுமதித்தாரா, அடையாளங்கள் எவ்வாறு நீக்கப்பட்டன என்று கேட்கும் ஒரு பக்கப் படிவத்தை வைத்து, பிரிவாசிரியர் அதைப் படித்து முடிவெடுக்கலாம். மனிதரிடம் தலையிட்டுச் செய்யும் ஆய்வுக்கு இது போதாது. அதற்கு முறையான குழுவின் ஒப்புதலை வலியுறுத்துங்கள்.

எழுத்துரிமை, திருத்தம், வெளியான கட்டுரையை மீளப்பெறல், முறையீடு, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன் பொதுவில் வைக்கும் வரைவு), தரவுப் பகிர்வு ஆகியவற்றுக்குச் சில வரிகள் போதும். பங்களிப்பைக் குறிக்க 14 வகைகள் கொண்ட கிரெடிட் வகைப்பாட்டைப் பயன்படுத்தினால், களத்தில் உழைத்தவரின் பெயர் விடுபடாமல் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாளராகக் குறிப்பிடக் கூடாது என்பது கோப் அமைப்பின் நிலைப்பாடு. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று அறிவிக்கச் சொல்லுங்கள்.

8. தளத்தை அமைத்தல்

பொது அறிவுத் திட்டம் என்னும் கனடிய முயற்சி உருவாக்கிய ஓஜேஎஸ் மென்பொருள் கட்டணமற்றது. சமர்ப்பித்தல், மதிப்பாய்வு, செம்மையாக்கம், உருவாக்கம் என்ற நான்கு கட்டங்களில் கட்டுரையை நடத்திச் செல்கிறது. இலண்டனின் பிர்க்பெக் கல்லூரியில் உருவான ஜேன்வே என்னும் மென்பொருளும் உண்டு. சேவையகத்தை நிர்வகிக்கத் தெரிந்தவர் உங்களிடம் நிலையாக இல்லையென்றால், பிறர் பராமரிக்கும் சேவையைப் பெறுவதே நல்லது. நிறுவுவது ஒரு நாள் வேலை. ஆண்டுதோறும் புதுப்பிப்பதுதான் கடினம், புதுப்பிக்கப்படாத தளங்களே ஊடுருவலுக்கு இலக்காகின்றன.

நீங்களே நிறுவினால் மூன்றைக் கவனியுங்கள். சமர்ப்பிக்கப்படும் கோப்புகளுக்கான கோப்புறை, வலைப் பக்கங்கள் இருக்கும் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையேல் வெளியாகாத கட்டுரைகளை எவரும் பதிவிறக்கலாம். தளம் அனுப்பும் மின்னஞ்சல்கள் எரிதக் கோப்புறைக்குப் போகாதபடி ஆள்களப் பெயரின் அஞ்சல் பதிவுகளை அமையுங்கள். மதிப்பீட்டாளர்கள் பதில் தருவதில்லை என்று வருந்திய ஓர் இதழில் அழைப்புகள் அவர்களைச் சென்றடையவே இல்லை என்று பிறகு தெரியவந்தது. நினைவூட்டல்களை நேரப்படி அனுப்பும் பணி உண்மையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

திறக்கும் முன் ஒரு பொய்க்கட்டுரையைச் சமர்ப்பித்து, அதை மதிப்பீடு, மறுதிருத்தம், ஏற்பு, மெய்ப்பு, வெளியீடு என்று முழுவதும் நடத்திப் பாருங்கள். குழுவினர் ஒவ்வொருவரும் தமக்குரிய பாத்திரத்தில் இருந்து செய்ய வேண்டும். உண்மையான கட்டுரையாளர் ஒருவரின் கட்டுரையை வைத்துப் பழகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

9. கட்டுரைகளைக் கோருதலும் மதிப்பிடுதலும்

பொது அழைப்பை நம்பாதீர்கள். முதல் படியில் பேசிய பத்துப் பேரிடம், அவர்களின் தலைப்பைக் குறிப்பிட்டு, நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பணியில் இருப்பவர்களுக்கு மதிப்பாய்வுக்கு முன்பே ஒரு துணை தேவைப்படும். ஒரு பிரிவாசிரியர் ஒரு மணிநேரம் உரையாடி, உங்கள் கட்டுரையின் கேள்வி இதுதான், இதற்கான சான்று இங்கே இருக்கிறது, இந்த மூன்று பக்கங்கள் தேவையில்லை என்று காட்டினால் போதும். அப்படி உதவியவர் அந்தக் கட்டுரையின் ஏற்பு முடிவை எடுக்கக் கூடாது, வேறொருவர் எடுக்கட்டும்.

பொருந்தாத கட்டுரையை ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு திருப்பி அனுப்புங்கள். பொருந்தினால் நான்கைந்து பேரை மதிப்பீட்டுக்கு அழைக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் இருவர் இசைவார்கள். மூன்று வாரம் கால அவகாசம் கொடுங்கள். மதிப்பிட்டுப் பழகாதவருக்கு வெற்றுப்படிவம் உதவாது. கேள்விகள் வேண்டும்: முடிவுரையில் சொல்லப்படுவது காட்டப்பட்ட சான்றிலிருந்து வருகிறதா, இதை இன்னொருவர் செய்து பார்க்கப் போதிய விவரம் உண்டா, முன்பு எழுதப்பட்டவற்றில் விடுபட்டது எது, எந்தத் திருத்தம் கட்டாயம், எது விருப்பம். முதல் ஆண்டில் அனுபவமுள்ள ஒருவரையும் புதியவர் ஒருவரையும் இணையாக அழைத்து, முடிவானதும் இருவரின் அறிக்கைகளையும் ஒருவருக்கொருவர் காட்டுங்கள். மதிப்பீட்டாளர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

மதிப்பீட்டு அறிக்கைகளை அப்படியே அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது புதிய ஆசிரியர்களின் பிழை. அறிக்கைகள் முரண்படும்போது எதைப் பின்பற்ற வேண்டும் என்று முடிவுக் கடிதத்தில் ஆசிரியர் சொல்ல வேண்டும். இதைச் செய்யாததால்தான் முதன்முறை எழுதுபவர்கள் திருத்தத்துக்குப் போய்த் திரும்புவதில்லை.

10. செம்மையாக்கம், பக்க வடிவம்

ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்திலும் தலைப்பு, கட்டுரையாளர், அவரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண், பெறப்பட்ட நாள், ஏற்ற நாள், வெளியான நாள், உரிமம், எண்ம அடையாளம் ஆகியவை இருக்கட்டும். கோப்பு இதழிலிருந்து பிரிந்து தனியே சுற்றும்போது அந்தப் பக்கம் மட்டுமே அதன் அடையாளம். மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபாருங்கள்; இல்லாத நூல்களும் தவறான ஆண்டுகளும் இப்போது முன்பைவிட அதிகமாக வருகின்றன. பிடிஎஃப்போடு வலைப்பக்க வடிவமும் கொடுக்க முடிந்தால் கைப்பேசியில் படிப்பவர்களுக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கும் உதவும்.

11. ஐஎஸ்எஸ்என், எண்ம அடையாளம், பாதுகாப்பு

ஐஎஸ்எஸ்என் எட்டு இலக்கம் கொண்டது. அச்சு வடிவத்துக்கும் மின்வடிவத்துக்கும் தனித்தனி எண். உங்கள் நாட்டின் ஐஎஸ்எஸ்என் மையத்திடம் முன்கூட்டியே நடைமுறையைக் கேளுங்கள், ஏனெனில் பல மையங்கள் முதல் கட்டுரைகள் வெளியான பிறகே எண்ணை உறுதி செய்கின்றன. இந்த எண் தரத்துக்கான சான்று இல்லை; அது வெறும் அடையாளம். ‘ஐஎஸ்எஸ்என் அங்கீகாரம் பெற்ற இதழ்’ என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

டிஓஐ எனப்படும் எண்ம அடையாளத்துக்குப் பெரும்பாலான ஆய்விதழ்கள் கிராஸ்ரெஃப் என்னும் பதிவு அமைப்பில் உறுப்பினராகின்றன. உறுப்பினர் ஆண்டுக் கட்டணமும் கட்டுரைதோறும் சிறு கட்டணமும் உண்டு. குறைந்த வருவாய் நாடுகளுக்கு விலக்கும் உண்டு. அடையாளத்தின் பிற்பகுதியில் இதழின் பெயரையோ பக்க எண்ணையோ பொருள் தரும்படி சேர்க்காதீர்கள், பின்னால் அவை மாறினாலும் அடையாளத்தை மாற்ற முடியாது. தளத்தின் முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் பதிவிலுள்ள இணைப்பையும் மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் அழியா அடையாளம் என்பதற்குப் பொருளே இல்லை. சுருக்கம், மேற்கோள் பட்டியல், உரிமம், ஆர்கிட் எண் ஆகிய எல்லா மீதரவுகளையும் பதிவு செய்யுங்கள்.

காப்புநகல் வேறு, நெடுங்காலப் பாதுகாப்பு வேறு. காப்புநகல் உங்கள் சேவையகம் பழுதானால் உதவும். உங்கள் அமைப்பே இல்லாமல் போனால் உதவாது. ஓஜேஎஸ் பயன்படுத்துபவர்கள் ஐஎஸ்எஸ்என் பெற்று முதல் இதழை வெளியிட்ட பிறகு அதன் உருவாக்குநர்கள் நடத்தும் பாதுகாப்பு வலையமைப்பில் சேரலாம். லாக்ஸ், கிளாக்ஸ், போர்ட்டிகோ ஆகிய பாதுகாப்பு ஏற்பாடுகளும் உள்ளன.

12. வெளியீடு

முதல் கட்டுரையை வெளியிடும் நாளில் குறைந்தது எட்டுக் கட்டுரைகள் செயல்முறையின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். அதுவரை தொடக்க விழாவைத் தள்ளிப்போடுங்கள். ஆண்டுக்கு நான்கு இதழ் என்று அறிவிக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தொகுதி வைத்து, கட்டுரை தயாரானதும் வெளியிடுவது சிறு குழுவுக்கு ஏற்றது. அறிவித்த இதழ் தவறிப்போவது, குறைவாக அறிவிப்பதைவிட நம்பிக்கையை அதிகம் குலைக்கும்.

கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள் தோன்ற, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரியும் சுருக்கம் தெரியும் பக்கமும் இருக்க வேண்டும். கோப்பு தேடத்தக்க எழுத்தாக, 5 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். முழு இதழையும் ஒரே கோப்பாக மட்டும் ஏற்றுபவர்கள், தங்கள் கட்டுரைகளைத் தேடிக் கண்டடைய முடியாததற்குக் காரணம் தேடி அலைகிறார்கள்.

13. அடைவுகளுக்கு விண்ணப்பித்தல்

டிஓஏஜேக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட வெளியீட்டு வரலாறோ, வெளியான பத்து ஆய்வுக்கட்டுரைகளோ இருக்க வேண்டும். மறுக்கப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க நேரும், ஆகவே அவசரப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் கேட்கும் ஒவ்வொரு விடைக்கும் தளத்தில் அது எழுதப்பட்டிருக்கும் பக்கத்தின் முகவரி இருக்கிறதா என்று, இதழோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு சரிபாருங்கள். மேற்கோள் தரவுத்தளமாகிய ஸ்கோப்பஸ் இரண்டு ஆண்டு வரலாற்றைக் கேட்கிறது. அதை முதல் ஆண்டின் இலக்காகக் கொள்வது வீண்.

இதற்கிடையே, கட்டணம் பெற்றுக்கொண்டு ‘தாக்கக் காரணி’, அதாவது இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்னும் எண், தருவதாகக் கடிதங்கள் வரும். இதழ்த் தாக்கக் காரணி என்பதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. வேறெவர் தரும் எண்ணையும் தளத்தில் போட்டால், அறிந்தவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்தே உங்கள் இதழின் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

14. இரண்டாம் ஆண்டு

மாதத்துக்கு ஒருமுறை, மாறாத ஒரு நாளில், அரைமணி நேரக் கூட்டம் வையுங்கள். ஒரே அட்டவணையைப் பார்த்தால் போதும்: எந்தக் கட்டுரை யாரிடம், எத்தனை நாளாக இருக்கிறது. முப்பது நாளுக்கு மேல் ஒருவரிடம் தங்கியிருப்பதை அன்றே வேறொருவருக்கு மாற்றுங்கள். கட்டுரையாளர்கள் மறுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். எட்டு மாத அமைதியைப் பொறுப்பதில்லை, பொறுக்கவும் கூடாது.

முதன்மையாசிரியரின் பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே அடுத்தவரை இணையாசிரியராகச் சேர்த்துவிடுங்கள். அவருக்கென ஓர் ஒப்படைப்பு ஆவணத்தை இப்போதே எழுதத் தொடங்குங்கள்: கணக்குகளின் பட்டியல், புதுப்பிக்கும் நாட்கள், கடிதங்களின் மாதிரிகள், மதிப்பீட்டாளர் ஒவ்வொருவரின் தனித்திறமை, கடினமான முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும். ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் முடிவிலும் அதில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டுக் கலையுங்கள்.